மொட்டை மாடியை மறக்காத பெட்டி

பிப்ரவரி 4, செவ்வாய்

பரணைக் காலி செய்யும் வேலையை இன்று தொடங்கினேன். மார்ச் பத்தாம் தேதி லாரி வருகிறது. பெங்களூரில் நிவேதா தன் வீட்டில் எனக்கென்று ஓர் அறையை ஒதுக்கி, சுவருக்கு இளநீலச் சுண்ணாம்பும் அடித்துவிட்டாள். பெற்ற பெண் கூப்பிடும்போது போகாமல் போத்தனூரில் தனியாக உட்கார்ந்து எந்தக் கோட்டையைக் காக்கப் போகிறேன்? இதைத் தெருவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். சொல்லச் சொல்ல எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வருகிறது.

பரணில் இருந்து முதலில் இறங்கியது என் வீட்டுக்காரர் வாங்கி ஒரு நாளும் போடாத ரெயின்கோட். அவர் போய் எட்டு வருடம் ஆகிறது, அதற்கு இன்னும் கடை வாசனை போகவில்லை. கடைசியில் இறங்கியவை சாக்கில் சுற்றிய இரண்டு இரும்புப் பெட்டிகள். செயற்கைக்கோளிடமிருந்து நேரம் வாங்கும் ரிசீவர்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தேழு வருடம் நான் பார்த்த வேலையில் பாதி இவற்றைப் பார்த்துக்கொண்டதுதான். ஊர் ஊராக இருக்கும் எக்ஸ்சேஞ்சுகள் எல்லாம் ஒரே தாளத்தில் நடக்க வேண்டும். அந்தத் தாளத்தைப் போட்டுக்கொண்டிருந்தவை இவை. புதியவை வந்ததும் இவற்றை ஏலத்தில் தள்ளினார்கள். யாரும் கேட்கவில்லை, நான் கேட்டேன். எதற்கு என்று அன்றைக்கும் தெரியாது.

படம் பிடித்துப் பழைய சாமான் விற்கும் ஆப்பில் போட்டுவிட்டேன். எடைக்குப் போனால் போதும்.

பிப்ரவரி 6, வியாழன்

எடைக்குக் கேட்பவர் வருவார் என்று பார்த்தால், ஒருவர் வானத்துக்குக் கேட்டு வந்தார்.

பெயர் நல்லசிவம். ஒத்தக்கால்மண்டபத்தில் லேத் பட்டறை. வயது ஐம்பத்தைந்து இருக்கும். சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவரைப் பேனா மாதிரி செருகியிருந்தார். வாசலில் நின்றபடியே பெட்டிகளைப் பார்த்து, கோயிலில் நடை திறந்ததுபோலக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

விஷயம் இது. மார்ச் இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஏழே முக்காலுக்குச் சற்று முன்னால் ஒரு சிறுகோள் ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகிறது. கல்லுக்குப் பெயர்கூட இல்லை, எண் மட்டும்தான். நட்சத்திரம் நாலைந்து விநாடி மறையும். அந்த நிழல் ஒரு பட்டையாக நம் ஊர்ப்பக்கம்தான் விழுகிறது. இரண்டு இடங்களிலிருந்து மறைந்த நேரத்தைத் துல்லியமாக எடுத்தால் அந்தக் கல் உருண்டையா, கோணலா என்று சொல்லிவிடலாமாம். மனிதர் இதுவரை ஏழு தடவை முயன்றிருக்கிறார். நாலு தடவை மேகம். மூன்று தடவை நட்சத்திரம் மறைந்தது, செல்போன் நேரத்தை வைத்து வானியல் சங்கத்துக்கு எழுதி அனுப்பினார், நேரத்தை நம்ப முடியாது என்று திருப்பிவிட்டார்கள்.

"நான் பாத்தது நெசமுங்க மேடம்," என்றார். "ஆனா எப்பப் பாத்தேன்னு சொல்ல முடியலீங்களே. இந்தத் தடவ உட்டா, இந்தப் பக்கம் இப்படியொரு நெழலு வாறதுக்கு எத்தனையோ வருசமாகுமுங்க."

"பெட்டி வேலை செய்யுதான்னு தெரியலீங்களே," என்றேன்.

"செய்யாட்டிப் போகுதுங்க, நானே பிரிச்சுப் பாத்துக்கறனுங்க."

என் பெட்டியை லேத்காரர் பிரிப்பதா! வேலை செய்ய வைத்துவிட்டுத்தான் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டேன். வாய் எனக்கு எப்போதும் கையைவிட வேகம்.

பிப்ரவரி 8, சனி

சாமான் கட்டவில்லை. முதல் பெட்டியைத் திறந்தேன். பவர் சப்ளையில் கெப்பாசிட்டர் மூன்று பூரி மாதிரி உப்பியிருந்தன. நினைவுக்கு வைத்த பேட்டரி கசிந்து போர்டில் பச்சை பூத்திருந்தது. நல்லசிவம் ஸ்பிரிட்டும் பழைய பல்துலக்கியும் கொண்டுவந்தார். நான் தேய்க்க, அவர் டார்ச் பிடித்தார். பிடித்த டார்ச்சை ஆட்டிக்கொண்டே பேசுகிறார். திட்டினேன். "சரீங்க மேடம்," என்று சொல்லிவிட்டு ஆட்டிக்கொண்டே பேசினார்.

கைக்கு சால்டரிங் இன்னும் மறக்கவில்லை. ஈயம் வெள்ளியாக உருண்டு உட்கார்ந்தபோது ஒரு பாட்டு வந்தது. எனக்கு ஐந்து வருடமாகப் பாட்டு வந்ததில்லை. புகையினால் இருக்கும்.

பிப்ரவரி 12, புதன்

பெட்டிக்கு உயிர் வந்துவிட்டது, ஆனால் ஒரு செயற்கைக்கோளும் கண்ணில் படவில்லை என்கிறது. மூன்று மணி நேரம் இருவரும் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகுதான் எனக்கு உறைத்தது: ஆன்டெனாவைத் தண்ணீர்த் தொட்டி நிழலில் வைத்திருக்கிறேன். பாதி வானத்தைத் தொட்டி மறைக்கிறது. எக்ஸ்சேஞ்சில் இதைச் செய்த புதுப் பையனை நான் எப்படித் திட்டியிருப்பேன்!

தொட்டி மேல் ஏறியது நல்லசிவம், ஏணியைப் பிடித்தது நான். மேலே போய் ஆன்டெனாவை வைக்காமல், "மேடம், இங்கிருந்து பாத்தா மருதமலை தெரியுதுங்க!" என்று கத்தினார். கீழ்வீட்டுக் குடித்தனக்காரர் வெளியே வந்து என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

ஆன்டெனா கவிழ்த்த வெள்ளைக் கூம்பு. அவர் இறங்கியதும் ஒரு காக்கா அதன் மேல் ஏறி உட்கார்ந்தது. வடகம் காயப்போட்டால் விரட்டுவதுபோல் விரட்டினேன்.

பிப்ரவரி 15, சனி

பிடித்துவிட்டது! முதலில் ஒன்று, பிறகு மூன்று, பிறகு சடசடவென்று ஏழு செயற்கைக்கோள்கள். முன்பக்க விளக்கு விநாடிக்கு ஒரு தடவை பச்சையாகக் கண் சிமிட்டுகிறது. நான் கைதட்டினேன். வெட்கமில்லாமல் குதிக்கவும் செய்தேன். முழங்கால் இன்னும் வலிக்கிறது.

அப்புறம்தான் தேதியைப் பார்த்தோம். 2005, ஜூலை 2. சனிக்கிழமை.

நேரம் சரி, கிழமை சரி, வருடம் மட்டும் இருபது வருடத்துக்குக் கிட்டத்தட்டப் பின்னால். நல்லசிவத்தின் முகம் சுருங்கிவிட்டது. பழுதில்லை, பயப்படாதீர்கள் என்றேன். இந்தப் பழைய பெட்டிகள் வாரத்தைத்தான் எண்ணும். ஆயிரத்து இருபத்து நாலு வாரம் ஆனதும் பழையபடி பூஜ்யம், பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் சுற்றி முடிந்து பூஜ்யத்துக்கு வருகிற மாதிரி. நாம் தேதியைத் திருத்தி எழுதிக்கொண்டால் போயிற்று.

"அந்தக் கல்லக் கண்டுபுடிச்சதே ரெண்டாயிரத்துப் பதினொண்ணுலதானுங்க," என்றார். "அவிய கண்டுபுடிக்கறதுக்கு ஆறு வருசம் முன்னாலயே நாம பாத்துப்போட்டோம்னு ஆகிப்போகுமுங்களே!"

வயிறு வலிக்கச் சிரித்தோம். பெட்டியின் கணக்கில் எனக்கு முப்பத்து மூன்று வயது. மறுப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

நிவேதா போன் செய்தாள். எத்தனை பெட்டி கட்டினாய் என்றாள். இரண்டு, ஒன்று வேலை செய்கிறது என்றேன். "அம்மா, நான் கேட்டது அட்டைப் பெட்டி," என்றாள்.

ஜூலை 6, 2005, புதன்

(பிப்ரவரி 19. பெட்டியைப் பார்த்துத் தேதி எழுதிவிட்டேன். அடிக்க மனமில்லை.)

இரண்டாவது பெட்டியும் விழித்துவிட்டது. நல்லசிவம் ஒரு பழைய ஆசிலாஸ்கோப்பை மொபெட்டில் கட்டிக் கொண்டுவந்தார். இரண்டு பெட்டிகளின் துடிப்பையும் ஒரே திரையில் போட்டோம். முதலில் ஒன்று இங்கே, ஒன்று அங்கே. பிறகு மெதுவாக, மெதுவாக நெருங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. நின்றபிறகும் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. காப்பி ஆறிப்போய், மறுபடி போட்டு, அதுவும் ஆறிப்போயிற்று.

கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டேன், பொதுவாகத்தான்.

"ஆச்சுங்க. பதினாறு வருசம் முன்னால அவங்க பிரிஞ்சு போயிட்டாங்க. நியாயமாத்தானுங்க போனாங்க. கல்யாணமான மக்யா நாளே ஊட்டிக்கு டெலஸ்கோப்பு எடுத்துட்டு வந்தவன்கூட யாருங்க இருப்பாங்க?"

ஊட்டியில் வானம் தெளிவாக இருந்ததா என்று கேட்டேன். கேட்டபிறகுதான் இது வேறு யாரும் கேட்கிற கேள்வி இல்லை என்று தோன்றியது. அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். இருந்ததாம்.

பிப்ரவரி 22, சனி

இரண்டு பெட்டிகளையும் மூன்று நாளாக மாடியில் இடம் பார்க்க விட்டிருந்தேன். இன்று முடித்துவிட்டன. நல்லசிவத்துக்கு விளக்கினேன்: இது ஒரே இடத்தில் இருந்து நாள்கணக்காக வானத்தைக் கேட்கும். கேட்டுக் கேட்டு, தான் இருப்பது இந்த இடம்தான் என்று முடிவு கட்டி மனதில் எழுதி வைத்துக்கொள்ளும். அதன் பிறகு இடத்தைப் பற்றி யோசிக்காது, முழுக் கவனமும் நேரத்தில்தான். எக்ஸ்சேஞ்சுக்குச் செய்த பெட்டி, எக்ஸ்சேஞ்ச் கட்டடம் எழுந்து நடக்கவா போகிறது?

"அப்ப இது ரெண்டும் இனி உங்க மொட்ட மாடின்னே நெனச்சுக்குமுங்களா?"

"ஆமாங்க."

"குடுத்து வெச்ச பெட்டிங்க," என்றார்.

மேடம் என்பது எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. இப்போது "ஏனுங்க" மட்டும்தான்.

பிப்ரவரி 25, செவ்வாய்

சண்டை. அல்லது சண்டை மாதிரி ஒன்று.

இரண்டு இடத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார், நானும் தலையாட்டியிருந்தேன். ஆனால் அந்த இரண்டு இடம் என்பது என் மாடியும் அவர் பட்டறையும் என்று இன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. சின்ன டெலஸ்கோப்போடு நான் இங்கே. பெரிய டெலஸ்கோப்போடு அவர் அங்கே, ஒன்பது கிலோமீட்டர் தள்ளி. மூன்று வாரமாக இருவரும் சேர்ந்து உயிர் கொடுத்தது, அந்த நாலு விநாடி ஆளுக்கொரு பக்கம் இருப்பதற்கா?

இதை நான் சொல்லவில்லை. "ட்ரைபாடு ஆடுது, இத வெச்சுட்டு என்னத்தப் பாக்கறது?" என்று மட்டும் சொன்னேன், கொஞ்சம் சத்தமாக. அவர் அரை மணி நேரம் உட்கார்ந்து ட்ரைபாடின் காலுக்கெல்லாம் ரப்பர் செய்து போட்டார். அதற்கும் கோபம் வந்தது.

பிப்ரவரி 27, வியாழன்

யாரும் வரவில்லை. அட்டைப் பெட்டி மூன்று கட்டினேன். எதில் எதைப் போட்டேன் என்று நினைவில்லை.

மார்ச் 1, சனி

மாடியில் ஒத்திகை. டெலஸ்கோப்பை நட்சத்திரத்துக்குத் திருப்பிவிட்டால் போதும், மோட்டார் அதையே தொடர்ந்து பிடித்துக்கொள்ளும். காமிரா எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் பெட்டியின் நேரம் தானாகப் பதியும்; அதற்கு ஒரு சின்ன போர்டை நல்லசிவமே செய்திருக்கிறார். நான் வெறுமனே பக்கத்தில் உட்கார்ந்தால் போதுமாம். இதுதான் என் வேலையென்றால் இதற்கு ஒரு பூசணிக்காயை உட்கார வைக்கலாம்.

நிவேதா இன்றும் போன் செய்தாள். லாரிக்காரரிடம் நேரம் உறுதி செய்யவா என்று கேட்டாள். ஞாயிறு கழியட்டும் என்றேன். அவள் ஏனென்று கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஏன் கேட்கிற பெண்.

மார்ச் 2, ஞாயிறு, மதியம்

துளி மேகமில்லை. இரண்டாவது பெட்டியை நல்லசிவம் பழைய போர்வையில் சுற்றி மொபெட்டில் வைத்து எடுத்துப் போய்விட்டார். தெரு முனை திரும்பும்வரை நின்றேன், பெட்டி விழாமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. காப்பி குடித்தால் கை நடுங்கும், இன்று வேண்டாம் என்று தீர்மானித்து இரண்டு தடவை குடித்தேன்.

மார்ச் 3, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆறரைக்கெல்லாம் இங்கே எல்லாம் தயார். இருட்டியதும் நட்சத்திரம் திரையில் சின்னப் பொட்டாக நின்றது. காமிரா ஓடத் தொடங்கியது. பெட்டி பச்சை. ஏழு மணிக்கு நல்லசிவத்தின் போன்.

"ஏனுங்க, இங்க செவப்பு லைட்டு எரியுதுங்க! எடம் தப்புங்குதுங்க இது. உங்க மொட்ட மாடியிலயேதான் இருக்கறன்னு சாதிக்குதுங்க—"

அவர் மேற்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். நான் போனை வைத்துவிட்டேன்.

சிவப்பு எரிந்தால் ஓட வேண்டும். எக்ஸ்சேஞ்சில் அதுதான் சட்டம், என் உடம்பில் ஊறியது. என் வளைகாப்பு அன்றைக்கே இரண்டு கை வளையலோடு ஓடி, சிவப்பைப் பச்சையாக்கிவிட்டு வந்து சோறு தின்றவள் நான். பெட்டியின் மனதிலிருக்கும் இடத்தை அழித்துப் புது இடத்தை ஏற்ற வேண்டும். போனில் சொன்னால் அந்த மனிதர் நான் சொல்லி முடிப்பதற்குள் பட்டனை அமுக்கிவிடுவார். மாடிக்கதவைப் பூட்டினேன், ஸ்கூட்டரை எடுத்தேன். ஈச்சனாரிப் பிள்ளையாருக்கு வண்டியிலிருந்தே ஒரு கும்பிடு.

பட்டறை வாசலில் நான் இறங்கியபோது அவர் டெலஸ்கோப்பிலிருந்து தலையை எடுத்து வாயைப் பிளந்தார்.

"அம்மணி! நீங்க எங்கீங்க இங்க?"

அம்மணி. அதைப் பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்று, "நகருங்க, நேரமில்லீங்க," என்றேன். பெட்டி முன்னால் குந்தி உட்கார்ந்து பட்டனில் கை வைத்தேன்.

"அத மாத்த வேண்டாமுங்களே," என்றார் பின்னாலிருந்து. "ஒம்பது கிலோமீட்டருங்க. வெளிச்சம் அதத் தாண்ட எவ்வளவு நேரமுங்க ஆகும்? முப்பது மைக்ரோ செகண்டு. அதுக்கு மேல பெட்டி தப்பாப் போகாதுங்க. நமக்கு செகண்டுல நூத்துல ஒரு பங்கு சரியா இருந்தாலே அமோகமுங்க. செவப்பு எரிஞ்சா எரியட்டுமுங்க."

"அப்புறம் எதுக்குங்க போன் பண்ணீங்க?"

"சிரிப்பா இருந்துதுங்க. சொல்லோணும்னு தோணுச்சு. சொல்றதுக்குள்ள வெச்சுட்டீங்க."

நான் அவரைப் பார்த்தேன். அங்கே என் மாடியில் ஆளில்லாத டெலஸ்கோப், நட்சத்திரம் நழுவினால் திருப்பிவிட யாருமில்லை. திரும்பப் போக நேரமில்லை. அவருடைய இரண்டாவது இடம் என்னால் போய்விட்டது. அழுகை வரும்போல இருந்தது. அவர் ஒரு ஸ்டூலைத் துணியால் துடைத்துத் தன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் போட்டார்.

"உக்காருங்க. வந்துருமுங்க இப்ப."

திரையில் பொட்டு. பொட்டு. பொட்டு. பிறகு பொட்டு இல்லை. கண்ணைக் கட்டியதுபோல வெறும் இருட்டு. மூச்சுவிடாமல் இருந்தோம். பொட்டு வந்துவிட்டது.

அதன் பிறகு நடந்த கூச்சல் எல்லாம் வீடியோவில் ஒலியோடு பதிந்திருக்கிறது, அதை மறுக்க முடியாது. கையை யார் முதலில் பிடித்தது என்பதற்கு மட்டும் ஆதாரமில்லை. காமிரா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

உடனே இருவரும் போத்தனூருக்குப் பறந்தோம், அவர் மொபெட்டில், நான் ஸ்கூட்டரில். சாவியை நான் தேடி எடுக்க, அவர் திறந்தார். டெலஸ்கோப் தன் பாட்டுக்கு நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. வீடியோவைப் பின்னால் ஓட்டினோம். பொட்டு, பொட்டு, பிறகு இருட்டு. நான்கு விநாடிக்குக் கொஞ்சம் மேலே. அங்கே ஆறு விநாடிக்குச் சற்றுக் குறைவு. இரண்டும் வேறு வேறு, இரண்டும் சுத்தம்!

நல்லசிவம் மாடிச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "உருண்டையில்லீங்க அது," என்றார், கண்ணெல்லாம் நீர். "கோணக் கல்லுங்க. நமக்கு மட்டுந்தானுங்க இப்பத் தெரியும்."

இரண்டாவது பெட்டியில் பழைய இடத்தை அழித்துவிடட்டுமா என்று போகும்போது கேட்டார். வேண்டாம் என்றேன்.

இருபத்தேழு வருடம் மைக்ரோ விநாடியோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அந்தக் கணக்கு ஏன் தோன்றவில்லை என்றால், பதற்றம். வேறொன்றுமில்லை.

மார்ச் 4, செவ்வாய்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். மலுமிச்சம்பட்டி சிக்னலில் நின்றபோதே கணக்கு தோன்றிவிட்டது. திரும்பி வந்து உட்கார நேரமும் இருந்தது. வண்டியைத் திருப்பவில்லை.

மார்ச் 5, புதன் (பெட்டிக்கு ஜூலை 20, 2005)

இரண்டு வீடியோவையும் தேதி திருத்தி அனுப்பிவிட்டோம். நேரத்தில் குறையே இல்லை, ஏற்றுக்கொண்டோம் என்று இன்று காலை பதில் வந்தது. நல்லசிவம் அதை எனக்குப் போனில் மூன்று தடவை படித்துக் காட்டினார். மத்தியானம் நேரிலும் வந்தார், போர்வையில் சுற்றிய இரண்டாவது பெட்டியோடு.

"செவப்பு அடங்கவே மாட்டேங்குதுங்க," என்றார். "என்ன பண்றதுங்க?"

"அது எங்க இருக்கறன்னு நெனைக்குதோ அங்கயே கொண்டுவந்து வெச்சுட்டா அடங்கிருமுங்க," என்றேன்.

மாடியில் அதன் பழைய இடத்தில் வைத்தோம். ஆன்டெனாவை மாட்டினோம். சிவப்பு எரிந்தது, இன்னும் எரிந்தது, காக்கா வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. பிறகு பச்சை.

"அதுக்குப் பச்சை ஆயிருச்சுங்க," என்றேன். "உங்களுக்கு?"

அவர் செருப்பைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், மருதமலை இருக்கும் திசையைப் பார்த்தார். "எனக்கு அந்த ஆப்புல படம் பாத்து வந்த அன்னிக்கேங்க," என்றார்.

எனக்குச் சந்தோஷம். இதைச் சுற்றி வளைத்து எழுத ஒன்றுமில்லை. ஐம்பத்து மூன்று வயதில், மொட்டை மாடியில், காக்கா பார்க்க, தாங்க முடியாத சந்தோஷம்.

அவர் போனதும் நிவேதாவைக் கூப்பிட்டேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "அந்த லாரியை..." என்றேன்.

"எந்த லாரிம்மா?" என்றாள். "நான் இன்னும் புக்கே பண்ணல. தெனம் போன்ல அந்த அங்கிள் பேர எத்தன தடவ சொன்ன, தெரியுமா? என் வீட்டுக்காரர் பந்தயமே கட்டிட்டாரு. அந்த நீல ரூம் இருக்கட்டும், ரெண்டு பேரும் தீபாவளிக்கு வாங்க."

கட்டி வைத்த அட்டைப் பெட்டிகள் கூடத்தில் கிடக்கின்றன. நாளைக்கு எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். டார்ச் பிடிக்க ஆள் இருக்கிறது, ஆட்டிக்கொண்டே பிடிக்கும்.